வழுக்காத கல்

கடைக்குள் கால் வைத்ததும் கமலாவதி செய்த முதல் வேலை, செருப்பைக் கழற்றிக் கதவோரம் வைத்ததுதான். பிறகு கைப்பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். மாதிரிக்கென்று தரையில் பதித்து வைத்திருந்த டைல்ஸ் ஒன்றின்மேல் கொஞ்சம் ஊற்றி, வெறுங்காலை வைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்தாள். "இது வழுக்குது" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள். கடையில் வேலை செய்யும் கீர்த்திகா என்ற பெண் அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கமலாவதியின் தம்பி கோபிசங்கருக்குத்தான் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

அக்கா கடைத் தரையை நனைக்கிறாளே என்பதல்ல காரணம். யாருடைய குளியலறைக்கு டைல்ஸ் பார்ப்பதாக அவள் நினைத்திருக்கிறாள் என்பது அரை மணித்தியாலத்துக்கு முன்னர்தான் அவனுக்குத் தெரியவந்திருந்தது.

காலையில் கொக்குவிலில் வீட்டுப் படலையடியில் ஓட்டோ வந்து நின்றபோது, பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி மதிலுக்கு மேலால் தலையை நீட்டினாள். அந்த மதிலுக்கு மேலே அவளுடைய தலை தெரியாத காலை அந்த ஒழுங்கையில் விடிந்ததில்லை.

"என்ன கமலா, புதுச் சீலையோடை? உன்ரை பாத்றூமுக்கு மாபிள் எடுக்கப் போறியளோ? கோபி, குறை நினையாதை, எல்லாருக்கும் உன்னைப்போலை தம்பி வாய்க்காது. அக்காவின்ரை முழங்காலுக்கு எண்டு வீட்டுக்குள்ளையே கட்டிக் குடுக்கிறாய். நல்லாயிருப்பாய்!"

அக்கா வெட்கத்தோடு சிரித்தாள். கோபிசங்கரும் சிரித்தான். வேறு என்ன செய்வான்? அவன் கட்டிக்கொண்டிருந்த குளியலறை அக்காவுக்கானது அல்லவே.

அது கனடாக்காரருக்கானது. அவனுடைய மனைவி வசந்தினியின் அண்ணன் நகுலேந்திரன், மனைவி பிள்ளைகளோடு நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். போன தடவை வந்தபோது, அந்தப் பிள்ளைகள் கிணற்றடி தாண்டிப் பின்வளவு மூலையில் இருக்கும் கக்கூசை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டு ஓடிவந்தன. அன்றைக்கே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். சொந்த வீடு இருக்க மச்சான் ஹோட்டலில் நிற்கிறார் என்ற பேச்சு ஒழுங்கை முழுவதும் உலாவியது. பாலேஸ்வரி இருக்கும்போது உலாவாமல் எப்படி இருக்கும்? அந்த அவமானம் கோபிசங்கரின் நெஞ்சில் வருடக்கணக்காக உறுத்தியது. இந்த முறை முன்னறையோடு சேர்த்து ஒரு குளியலறை கட்டிவிடுவது என்று முடிவெடுத்தான். நகுலேந்திரனும் தன் ரொறன்ரோ வீட்டுக் குளியலறையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். வெள்ளை வெளேரென்று, முகம் பார்க்கலாம்போல் பளபளத்த டைல்ஸ்.

இதற்கும் அக்காவின் முழங்காலுக்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லை. ஆனால் அக்கா அப்படித்தான் நினைத்தாள் என்றால், அதில் அவளுடைய பிழையும் இல்லை. அவளுக்கு அறுபது வயது. கலியாணம் செய்யவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் சிக்குன்குன்யா வந்து போனதிலிருந்து முழங்கால் இரண்டும் மடங்க மறுத்தன. குந்தி இருக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். குந்தாமல் அந்தக் கக்கூசுக்கு எப்படிப் போவது? அக்கா யாரிடமும் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்ரிக் கதிரையை எடுத்து, இரும்பு அறுக்கும் வாளால் அதன் நடுவில் ஒரு ஓட்டையை வெட்டி, கொண்டுபோய் அங்கே வைத்துக்கொண்டாள். மழைக்கும் வெயிலுக்கும் நாற்பது அடி நடந்து போய் வந்தாள்.

அந்தக் கதிரையைக் கண்ட அன்று கோபிசங்கர் என்ன சொன்னான் தெரியுமா? "என்னக்கா, நல்ல கதிரையை வெட்டிப் பழுதாக்கிப் போட்டியள்!" அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான்.

இன்னொன்றும் உண்டு. அந்த வீடு அக்காவின் வீடு. அம்மா அதை அக்காவுக்குச் சீதனமாக எழுதி வைத்தாள். பேசி வைத்த மாப்பிள்ளை இடம்பெயர்வுக் காலத்தில் வெளிநாடு போனவன் போனவன்தான். கலியாணம் நடக்கவில்லை, சீதனம் மட்டும் அவள் பெயரில் அப்படியே கிடந்தது. தம்பி கலியாணம் செய்து பெண்சாதியோடு அதிலேயே குடியிருந்தான். வீட்டு உறுதிப்பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை அந்த வீட்டில் எல்லோரும் மறந்து போனார்கள், அக்கா உட்பட. பிரதேச சபைக்குக் கொடுக்கும் கட்டட விண்ணப்பத்தில் காணி உரிமையாளர் ஒப்பமிட வேண்டிய இடம் வந்தபோதுதான் அது கோபிசங்கருக்கு ஞாபகம் வந்தது.

"அக்கா, வீட்டோடை சேத்து ஒரு பாத்றூம் கட்டுவம். இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ."

யாருக்கு என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒப்பம் வைத்தாள். வைத்த பிறகு பேனையை மூடாமலே, "என்னத்துக்கடா தம்பி இவ்வளவு கரைச்சல் உனக்கு" என்றாள். அப்போது அவனுக்கு அது விளங்கவில்லை. விண்ணப்பம் நிரப்புகிற கரைச்சலைத்தான் சொல்கிறாள் என்று நினைத்திருந்தான்.

இன்று ஓட்டோவுக்குள் இருந்தபோது விளங்கியது. நன்றாகவே விளங்கியது. றெயில் கேற் மூடிக் கிடந்தது. ஓட்டோ நின்றது. உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அக்கா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, "எனக்கு நிறமெல்லாம் எதெண்டாலும் பரவாயில்லைத் தம்பி, வசந்தினிக்குப் பிடிச்சதைப் பாப்பம். கால் வழுக்காட்டில் காணும்" என்றாள். கோபிசங்கர் வாயைத் திறந்தான். றெயில் தடதடவென்று போனது. போய் முடிந்து கேற் திறந்த பிறகும் அவன் வாயைத் திறந்தபடியே இருந்தான், சொல்தான் வரவில்லை.

கடைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். பொய் சொல்லாமல், உண்மையும் சொல்லாமல் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்று நினைக்கிறவர்களில் அவனும் ஒருவன். பாடசாலைக் கந்தோரில் இருபத்தைந்து வருடம் கிளாக்கர் வேலை பார்த்தவனுக்கு அந்தப் பழக்கம் வராமல் இருந்தால்தான் புதினம்.

கீர்த்திகா ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். "இருங்கோ அங்கிள்" என்றாள். கோபிசங்கர் இருந்தான். அக்கா தண்ணீர்ப் போத்தலோடு கடையின் மறுபக்கம் வரைக்கும் போய்விட்டாள். அவன் கைத்தொலைபேசியில் ரொறன்ரோப் படத்தைக் காட்டினான்.

"இதேமாதிரி இருக்கு அங்கிள். நல்ல பளபளப்பு. சுவருக்கு எண்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. நிலத்துக்குப் போடுறதெண்டால் ஒண்டு கேக்கோணும். வீட்டிலை வயசு போன ஆக்கள், கால் ஏலாத ஆக்கள் ஆரும் இருக்கினமோ? ஈரத்திலை இது வழுக்கும். அப்பிடி ஆரும் பாவிக்கிறதெண்டால் சொரசொரப்பானதுதான் நல்லது. வடிவு கொஞ்சம் குறைவு."

அவள் காட்டிய சொரசொரப்பான டைல்ஸ் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. அதைப் போட்டால் நகுலேந்திரன் மச்சான் என்ன நினைப்பார்? இப்போதும் பின்வளவுக் கக்கூஸ்போல் இருக்கிறதே என்று நினைக்க மாட்டாரா? அந்த ஒரு நினைப்பில் கோபிசங்கருடைய வாய் அவனைக் கேட்காமலே திறந்தது. ஓட்டோவில் வராத சொல், வேண்டாத இடத்தில் என்ன இலகுவாக வந்தது!

"சீச்சீ, அப்பிடி ஒருதரும் வீட்டிலை இல்லைப் பிள்ளை. இது கனடாவிலையிருந்து வாற ஆக்களுக்கு. பளபளப்பானதையே போடும்."

சொல்லிவிட்டுத் திரும்பினான். அக்கா அவனுக்குப் பின்னால் நின்றாள். இரண்டு கையாலும் ஒரு சொரசொரப்பான டைல்ஸைத் தாங்கிப் பிடித்திருந்தாள். இளம் பச்சையில் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, அவனுக்குக் காட்டக் கொண்டு வந்திருந்தாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருந்தது அவனுக்கு. அக்காவின் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கோபம் இருக்கவில்லை. சபையில் தெரியாமல் வேறு யாருடையவோ கதிரையில் இருந்துவிட்டு, உடையவர் வந்ததும் எழும்புகிறவரின் முகம் இருக்குமே, அந்த முகம்தான் இருந்தது. டைல்ஸைத் திருப்பிக் கொண்டுபோய், எடுத்த தட்டிலேயே, எடுத்த இடத்திலேயே வைத்தாள். சேலைத் தலைப்பால் அதிலிருந்த ஈரத்தைத் துடைத்தாள். தரையில் தான் ஊற்றியிருந்த தண்ணீரையும் ஒவ்வொரு இடமாகக் குனிய முடியாமல் குனிந்து துடைத்தாள். பிறகு போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"அந்தப் பளபளப்பே நல்லது தம்பி" என்றாள். "வாறவைக்கு வடிவா இருக்கட்டும்."

கோபிசங்கர் தன் பெயரைச் சொல்லிப் பில் போடுவித்தான். நாளைக்கு வீட்டுக்கு ஏற்றி அனுப்புவதாகக் கீர்த்திகா சொன்னாள். கடையில் போட்டது ஒரேயொரு கதிரைதான், அதில் முழுநேரமும் தான்தான் இருந்தான் என்பது, வெளியே வந்து ஓட்டோவில் ஏறும்போது அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்ததைப் பார்த்த பிறகுதான் அவனுக்குப் பட்டது.

வரும் வழியில் றெயில் கேற் திறந்தே கிடந்தது. ஒழுங்கை முகப்பு வந்ததும் அக்கா மெல்ல, அவனைப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் விசரி. முந்தி ஒருக்கால் உன்னட்டைக் கேட்டிருக்கலாம். கேக்காமல் பாலேசிட்டைப் போய் அளந்துபோட்டன்."

அவன் "அக்கா" என்றான். அதற்குள் படலை வந்துவிட்டது. மதிலுக்கு மேலால் அந்தத் தலையும் வந்துவிட்டது.

"என்னடி கமலா, எடுத்தாச்சோ? என்ன மாதிரி?"

கோபிசங்கர் ஓட்டோக்காரனுக்குக் காசு கொடுக்கிற சாட்டில் குனிந்துகொண்டான். அக்கா என்ன சொன்னாலும் அவன் கேட்டுக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். சொல்லட்டும், எல்லாவற்றையும் சொல்லட்டும் என்றுகூட நினைத்தான்.

"ஓம் பாலேஸ், எடுத்தாச்சு" என்றாள் அக்கா. "பச்சை நிறம். காலே வழுக்காது. தம்பி ஒவ்வொண்டா என்னைக் காலை வைச்சுப் பாக்கச் சொல்லித்தான் எடுத்துத் தந்தவன்."

"பாத்தியே! நான் சொன்னன்தானே" என்றாள் பாலேஸ்வரி.

தன்னுடைய வெட்கத்தை மறைக்கச் சொன்னாளா, அவனுடைய மானத்தைக் காக்கச் சொன்னாளா? எதற்காகச் சொன்னாலும் அந்தப் பொய்யைத் தாங்க அவனுக்குச் சக்தி இருக்கவில்லை. அக்கா வீட்டுக்குள் போய்ச் சீலையை மாற்றிக்கொண்டு, வழமைபோலப் பின்வளவை நோக்கி நடந்தாள். கிணற்றுக் கட்டைப் பிடித்து ஒருமுறை நின்றாள். பிறகு நடந்தாள். இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் அவள் அந்த இடத்தில் அப்படித்தான் நின்றிருப்பாள். அவன் இன்றைக்குத்தான் பார்த்தான்.

சாப்பாட்டுக்கு இருக்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மறுபடியும் கடைக்கு ஓடினான்.

"பிள்ளை, அதை ஏத்தவேண்டாம். சொரசொரப்பானது வேணும். இளம் பச்சை. காலமை எங்கடை அக்கா தூக்கிக்கொண்டு நிண்டது."

கீர்த்திகா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உங்கடை அக்காவோ அங்கிள்? காலமை வந்தவவோ?"

"ஓம். கூடப்பிறந்த அக்கா."

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. "சொறி அங்கிள். நான் அவவை… உங்கடை வீட்டிலை வேலைக்கு நிக்கிறவ எண்டு நினைச்சிட்டன். வயசு போன ஆக்கள் ஒருதரும் இல்லையெண்டு நீங்கள் சொன்னனீங்கள். அவ வரேக்கையே செருப்பைக் கழட்டிப்போட்டு வந்தவ, பிறகு நிலத்தையும் துடைச்சவ. அதாலைதான் நான் அவவுக்குக் கதிரையும் போடேல்லை."

கடையில் வேறு யாரும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. கோபிசங்கருக்குக் காது இரண்டும் கொதித்தன. அந்தப் பிள்ளை தன்னிடம் எதற்கு மன்னிப்புக் கேட்கிறாள்? அவள் தன் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் நினைத்தாள். அக்காவை அப்படிக் காட்டியது யார்?

"நீர் என்னத்துக்குப் பிள்ளை சொறி சொல்லுறீர்" என்றான். "பில்லிலை பேரை மாத்தும். வீடு அவவின்ரை. கமலாவதி எண்டு போடும்."

அவள் "திருமதி" என்று எழுதத் தொடங்கினாள். "செல்வி" என்று திருத்தினான் கோபிசங்கர்.

பின்னேரம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்த வசந்தினியிடம் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லாமல் மறைக்க இனி அவனிடம் தெம்பு இருக்கவில்லை. அவள் சண்டை பிடிப்பாள், அண்ணன்காரன் அனுப்பிய படத்தை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டுவாள் என்று எதிர்பார்த்தான். உண்மையைச் சொன்னால், அப்படி அவள் சண்டை பிடித்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குற்றத்தில் பாதியை அவள் தலையில் இறக்கி வைத்திருக்கலாம். அவளோ கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கட்டுறதெண்டு கதைச்ச முதல் நாளே நான் சொன்னன், மச்சாளுக்கும் உதவும் எண்டு. நீங்கள் என்ன சொன்னனீங்கள்? ஞாபகம் இருக்கோ?"

அவனுக்கு ஞாபகம் இருக்கவில்லை.

"அவவுக்கு வெளியிலை போய்ப் பழகிப்போச்சு எண்டனீங்கள்."

சொன்னவன் மறந்துவிட்டான், கேட்டவள் மறக்கவில்லை. வசந்தினி பிறகு உள்ளே போய், அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். மச்சாளுக்கு ஏற்றமாதிரித்தான் டைல்ஸ் போடுகிறோம் என்று. நகுலேந்திரனிடமிருந்து வந்த பதில் இன்னும் மோசம். "மிகவும் நல்லது. நான் முதலே அப்படித்தான் நினைத்தேன்." உலகத்தில் எல்லோருக்கும் தோன்றிய ஒன்று அவன் ஒருவனுக்கு மட்டும் தோன்றாமல் போயிருக்கிறது.

மேசன் கிறிஸ்துநாயகம் மூன்று நாளில் பதித்து முடித்தார். கொமெட்டுக்குப் பக்கத்துச் சுவரில் பிடித்து எழும்ப ஒரு கைப்பிடியும் பூட்டச் சொன்னான் கோபிசங்கர். எந்த உயரத்தில் என்று அவர் கேட்டார். அக்காவின் உயரம் அவனுக்குத் தெரியாது. கூப்பிட்டு நிறுத்திப் பார்த்துத்தான் அளந்தார்கள்.

வேலை முடிந்த அன்று அவன் அக்காவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

"அக்கா, இது உங்களுக்குத்தான். அண்டைக்கு நான் கடையிலை சொன்னதை மறந்திடுங்கோ. என்ரை பிழை. பெரிய பிழை."

அக்கா வெறுங்காலைத் தரையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லாயிருக்குத் தம்பி" என்றாள். "நீ அதை ஏன் இப்பவும் நினைச்சுக்கொண்டிருக்கிறாய்? நான் அப்பவே விட்டிட்டன்." முகம் தெளிவாக இருந்தது, குரலும் தெளிவாக இருந்தது. கோபிசங்கர் அதை நம்பினான். நம்பினால் நிம்மதி, அதனால் நம்பினான்.

அடுத்த நாள் காலை அவன் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா வந்து அவனுக்கு முன்னால் நின்றாள்.

"தம்பி, நான் ஒருக்கால் பாத்றூமுக்குப் போகட்டே?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. "என்னட்டை ஏனக்கா கேக்கிறியள்? போங்கோவன்!"

"இல்லை, வேறை ஆருக்கும் தேவைப்படுதோ எண்டு."

"ஒருதருக்கும் தேவையில்லை. உங்கடை வீடக்கா. கேக்கவேண்டாம்."

"சரி, சரி" என்று தலையாட்டிவிட்டுப் போனாள். மத்தியானமும் வந்து கேட்டாள். பின்னேரமும் கேட்டாள். கனடாக்காரர் வந்து நின்ற மூன்று கிழமையும் கேட்டாள். அவர்களுடைய ஏழு வயதுப் பையன் வாய்க்குள் பிஸ்கட்டோடு கதவைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவான், யாரையும் கேட்க மாட்டான். அக்கா அவன் வெளியே வரும்வரை கதவடியில் நிற்பாள். பிறகு தம்பியைத் தேடி வந்து கேட்பாள். அவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு போன பிறகும் கேட்டாள். அழுதும் பார்த்தான், கோபித்தும் பார்த்தான். "இனிக் கேக்கமாட்டன்" என்பாள். அடுத்த முறை மறுபடி வந்து நிற்பாள். அவனை நோகடிக்க வேண்டும் என்று அவள் செய்யவில்லை. அவளுக்கு நோகடிக்கத் தெரியாது. அதுதான் அவனை இன்னும் நோகடித்தது.

வசந்தினியிடம் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவனிடம் மட்டும்தான் கேட்கிறாள்.

இப்போது அவன் மறுத்துச் சொல்வதில்லை. அக்காவின் காலடி விறாந்தையில் கேட்டதும் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொள்கிறான்.

"தம்பி, போகட்டே?"

"ஓம் அக்கா. போங்கோ."